தலையைத் தூக்கி நீந்துகிறவர்கள்

நீச்சல் குளத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் மீது புகார் வந்துவிட்டது. பக்கத்துத் தடத்தில் நீந்திக்கொண்டிருந்த டாக்டரம்மா ஒருவர், நான் மிதவைக் கயிற்றுக்கு மேலே கையை வீசி அவர் தோளில் அறைந்துவிட்டதாகப் பயிற்சியாளரிடம் சொன்னார். அறைந்தது உண்மைதான். ஆனால் நேராகப் போய்க்கொண்டிருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். கோடு கோணலாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி போடு என்று பிள்ளைகளை வறுத்தெடுக்கிறவள். என்னையே ஒருத்தர் கோணல் என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

பயிற்சியாளருக்கு என்னிடம் முன்பு படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். தரங்கம்பாடிப் பக்கத்துப் பெண், மாநிலப் போட்டிகளில் நீந்தியவள் என்றார்கள். அவள் குளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, என்னை ஒருமுறை போய் வரச் சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க ஏன் எப்பவும் இடது பக்கமே போறீங்க?"

தெரியவில்லை என்றேன். மறுபடி போகச் சொன்னாள். போகும்போதும் இடது பக்கம், வரும்போதும் இடது பக்கம். தோளில் எப்போதாவது அடிபட்டதா, ஒரு காது மந்தமா என்றெல்லாம் விசாரித்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. நான் ஆற்றில் நீந்திப் பழகியவள், இந்த மாதிரி நீலத் தொட்டியில் இல்லை என்று வெடுக்கென்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே பொறி தட்டியது.

நான் பிறந்த ஊர் திருவையாற்றுக்கு எதிர்க்கரையில், காவிரிக்குத் தெற்கே. தண்ணீர் வந்துவிட்டால் பெண் பிள்ளைகள் கூட்டமாக வடகரைக்கு நீந்துவோம். வடக்கே பார்த்து இறங்கினால், ஆறு இடது கைப் பக்கமிருந்து வந்து வலது பக்கம் தள்ளும். அதனால் போய்ச் சேர வேண்டிய படித்துறையைப் பார்த்து நீந்தக் கூடாது. இடப் பக்கம், மேலே எங்கேயோ தெரிகிற ஒரு மரத்தைக் குறி வைத்து நீந்த வேண்டும். ஆறு தள்ளித் தள்ளிக் கடைசியில் சரியாகப் படித்துறையில் கொண்டுபோய் விடும். திரும்பி நீந்துவது கிடையாது. கை ஓய்ந்திருக்கும். பாவாடையைப் பிழிந்துகொண்டு பாலத்து வழியாக நடந்து வருவோம். வீடு வருவதற்குள் துணி காய்ந்து, திட்டிலிருந்தும் தப்பித்துவிடலாம். ஆக, என் உடம்புக்குத் தெரிந்தது ஒரே திசைக்கான நீச்சல். தண்ணீர் என்றால் இடமிருந்து தள்ளும் என்று அது முடிவு கட்டி வைத்திருக்கிறது. தள்ளாத தண்ணீரில் கொண்டுபோய்ப் போட்டாலும் அது பாட்டுக்கு இடது பக்கம் ஏறிக்கொண்டே இருக்கிறது.

இதைக் கேட்டுப் பயிற்சியாளர் சிரித்தாள். குளத்தின் அடியில் பதித்திருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நீந்தினால் சரியாகிவிடும் என்றாள். அங்கேதான் சிக்கல். அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். நான் வைப்பதில்லை.

ஆற்றில் நாங்கள் முங்கிக் குளிப்போம், மூக்கைப் பிடித்துக்கொண்டு. ஆனால் நீந்தும்போது தலை வெளியேதான் இருக்கும். வாழை மட்டை வரும், முள் கிளை வரும், சில நேரம் பாம்பும் வரும். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டாமா? அதனால் கை வீச்செல்லாம் பெரிதாக இருக்கும், தலை மட்டும் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறவளின் தலை மாதிரி நிமிர்ந்தே இருக்கும். அந்த நீச்சலைப் பார்த்துவிட்டுத்தான் என்னை ஆரம்ப நிலையில் போடாமல் அடுத்த நிலையில் போட்டார்கள். ஃப்ரீஸ்டைல், பக்கவாட்டில் மூச்சு எடுப்பது, தவளை நீச்சல் எல்லாம் அங்கே. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை டாக்டரம்மாவின் தோளோடு போயிற்று.

இந்த வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்று சொல்ல வேண்டும். காரணம் என் கணவர்.

அவர் ராமநாதபுரத்துக்காரர். அரசாங்க வேலையில் இருப்பவர்களை மிரட்ட, தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்பார்கள். இவர் அங்கேயே பிறந்து, இங்கே தண்ணீர்க் காட்டுக்கு வந்து சேர்ந்தார். வேலை லஸ்கர் வேலை. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகு இருக்கும். அதன் ஷட்டர்களை ஏற்றி இறக்கி, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மிதந்து வந்து அடைக்கிற வெங்காயத்தாமரையை இழுத்துப் போட வேண்டும். கல்யாணமான புதிதில் நான் கேட்ட முதல் கேள்வி, நீந்தத் தெரியுமா என்பது. எங்கள் ஊரில் நீந்துவதற்கு எதுவும் இல்லை என்றார். இத்தனை வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்திருக்கிறேன். உறவுக்காரர்கள் வந்தால், எங்கள் வீட்டில் வாளித் தண்ணீரைக் கண்டாலே ஒருவர் பயப்படுவார் என்பேன். அவரும் சிரிப்பார்.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரமாகப் பார்த்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஆறும் வாய்க்காலும் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தன. மதகில் வெங்காயத்தாமரை பெரிய கொத்தாகச் சிக்கியிருந்தது. அவர் கொக்கி கட்டிய மூங்கில் கழியால் அதை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, அங்கேயே வை, வருகிறேன் என்று கையைக் காட்டினார். கொத்து முரண்டு பிடித்தது. பின்னால் சாய்ந்து பலமாக இழுத்தார். அது சட்டென்று விட்டுக்கொடுத்துவிட்டது. இழுத்த வேகத்தில் அவர் பின்பக்கமாகச் சரிந்து, மதகுக்குக் கீழே வாய்க்காலில் விழுந்தார்.

நான் குதித்தேன். யோசிக்கவே இல்லை. புடவையை இடுப்பில் செருக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. விழுந்ததும் அது இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டது. முன்னால் அவர் தலை தெரிந்தது. முங்கும், எழும்பும். எழும்பும்போதெல்லாம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வந்துவிட்டேன், வந்துவிட்டேன் என்று கத்தினேன். கத்தினேனா, மனதுக்குள் சொன்னேனா என்று இப்போது தெரியவில்லை.

எட்டாம் வகுப்பில் படகும் நீரோட்டமும் என்று ஒரு கணக்கு நடத்துவேன். நீரோட்டத்தோடு போகும்போது இவ்வளவு வேகம், எதிர்த்துப் போகும்போது இவ்வளவு வேகம் என்று வரும். அந்தக் கணக்கு அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவரை இழுத்துப் போனதும் என்னை இழுத்துப் போனதும் ஒரே தண்ணீர். அதன் வேகம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது என் கையும் காலும் மட்டும். அந்த மிச்சம் ஒன்றுமே இல்லை. எவ்வளவு அடித்தும் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. போதாததற்கு என் உடம்பு அன்றும் இடது பக்கம் ஏறியது. கரைப் புல் கையில் தட்டியதும் விலகி நடுவுக்கு வந்தேன், மறுபடி புல் தட்டியது. யார் யாரையோ பாஸ் பண்ண வைத்திருக்கிறேன், என் புருஷனை எட்டிப் பிடிக்க எனக்குத் தெரியவில்லை.

அவரைக் காப்பாற்றியது நான் இல்லை, சாய்ந்து கிடந்த ஒரு மூங்கில் குத்து. கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இருமல் நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, செல்ஃபோன் நனைந்துவிட்டது என்பது. முதுகில் நாலு அடி வைத்தேன். பிறகு அழுதேன். வயலில் நின்ற ஆட்கள் ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் மேலே ஏற்றினார்கள்.

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, அவர் மறுபடி வேலைக்குப் போனார். போகாமல் எப்படி? அதன் பிறகு தண்ணீர் ஓடிய ஒவ்வொரு நாளும் நான் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்றேன், காதெல்லாம் வாசல் பக்கம். பியூன் வந்து நின்றால் போட்ட கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். தை மாதம் ஆற்றை அடைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்கே தீர்மானித்தேன். ஆனியில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்வதற்குள் இவர் மிதக்கவாவது கற்றுக்கொள்ள வேண்டும். நான் வேகமாக நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அந்த நடுத் தண்ணீர் குறைய வேண்டும்.

கோடை வந்தது, காவிரி முழுக்க மணலானது. மாவட்டத்தில் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் இருந்த இடம் தஞ்சாவூர்ப் புறவழிச் சாலையில் இருந்த அந்தக் குளம்தான் என்று எனக்குத் தோன்றியது. காலையில் குடும்பங்களுக்கு ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் முதலில் மறுத்தார். மதகுக் கதவைத் திறக்கத்தான் எனக்குச் சம்பளம், நீச்சலடிக்க இல்லை என்றார். நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்தால் அவருக்குப் பயம். மறுநாள் காலை தானாகவே பைக்கை எடுத்தார்.

தலையில் எண்ணெய் கூடாது, ரப்பர்த் தொப்பி போட வேண்டும், கை கால் மூடிய நீச்சல் உடை வேண்டும். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டபோது உர மூட்டைக்குக் கை கால் முளைத்த மாதிரி இருந்தது. அதைவிடக் கொடுமை அவர் அரை டிராயரும் பனியனும். ஆனால் குளத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் அவரவர் மூச்சே பெரும் கவலை.

பயிற்சியாளர் தினமும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்.

"தல ஏறினா காலு எறங்கும், அக்கா. காலு எறங்கினா எவ்வளவு கை வீசினாலும் நின்ன எடத்துலயேதான் நிப்பீங்க. மொகத்த உள்ள வைங்க."

கேட்கும்போது புரிகிறது. கணக்கு டீச்சருக்குப் புரியாமல் போகுமா? மூச்சை இழுத்து முகத்தை உள்ளே வைப்பேன். நீல ஓடு தெரியும், கறுப்புக் கோடு தெரியும். காதில் ஒரு கொரகொர சத்தம். அவ்வளவுதான், தலை தானாக வெளியே வந்துவிடும். மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடிக்கச் சொன்னாள், அதுவும் ஆயிற்று. ஒரு கை முன்னால் நீட்டியபடி இருக்க மறு கையை மட்டும் வீசச் சொன்னாள், அதுவும் ஆயிற்று. முகத்தை உள்ளே வைத்ததும் எல்லாம் போய்விடும். தவளை நீச்சலில் தலை ஒவ்வொரு முறையும் மேலே வரும், அதனால் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கையை நீட்டி வழுக்கிக்கொண்டு போகும் நேரத்தில் தலை கைகளுக்கு நடுவில் தாழ வேண்டும் என்றாள். அங்கேயும் நான் நிமிர்ந்தே போனேன்.

அந்தப் பக்கம், ஆழம் குறைந்த இடத்தில், என் கணவர் முதலில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தைகள் அவரைச் சுற்றி விளையாடின. அவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் சீக்கிரமே ஒரு நாள் அவர் மல்லாந்து மிதந்தார். கையை விரித்து, வயிறு மேலே தெரிய, அசையாமல் கிடந்தார். எழுந்து வந்து, காது உள்ளே போய்விட்டால் உன் சத்தமே கேட்கவில்லை, டீச்சர், சொர்க்கமாக இருக்கிறது என்றார். வீட்டில் கோபம் வந்தாலும் செல்லம் வந்தாலும் அவருக்கு நான் டீச்சர்தான். அதன் பிறகு குப்புறப் படுத்து முகத்தை உள்ளே வைத்தார். எந்தச் சங்கடமும் இல்லை. ஆற்றைப் பற்றி அவர் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் சொன்னதைக் கேட்டது. மே மாதம் பாதி போவதற்குள் அவர் என் பக்கத்துத் தடத்துக்கு வந்துவிட்டார். ஒரு நாள் என்னைத் தாண்டியே போனார்.

அன்றைக்கு நான் நடுக் குளத்தில் நின்றுவிட்டேன். நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று அதைக் கழற்றினேன். அது குளத்துத் தண்ணீர் இல்லை. பயிற்சியாளர் கையைக் கொடுத்து என்னை மேலே ஏற்றி, கரையில் உட்கார வைத்தாள். என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதால் நான் என்ன செய்வேனோ, அதைத்தான் அவளும் செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்கால், மூங்கில், நடுவில் குறையாத தண்ணீர். பிறகு இதையும் சொன்னேன்.

"மொகத்த உள்ள வெச்சா அவரு தெரியமாட்டேங்குறாரும்மா. வெளிய எடுக்குறப்ப இருப்பாரா மாட்டாரான்னு இருக்கு. அத என்னால தாங்க முடியல."

அவள் காலால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். நீந்திப் போய் ஒருவரைக் காப்பாற்றுவது கடைசி வழி என்றாள். முதலில் கயிறு வீச வேண்டும், டியூபைத் தூக்கிப் போட வேண்டும், கழியை நீட்ட வேண்டும். அவர்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்களே சட்டென்று குதிக்கமாட்டார்களாம். முங்குகிறவர் பிடித்தால் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து முங்க வேண்டியதுதான் என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அப்படியென்றால் இத்தனை நாளாக நான் எதற்குக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

மறுநாள் அவள் என் கணவரை ஆழப் பக்கத்தில் மல்லாந்து மிதக்கச் சொன்னாள். என்னை இந்தப் பக்கமிருந்து அவரிடம் போகச் சொன்னாள். மூச்சு எடுக்கும்போதெல்லாம் வலது பக்கம் திரும்ப வேண்டும், அவர் அந்தப் பக்கம்தான் இருப்பார், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றாள். முகத்தை உள்ளே வைத்தேன். கறுப்புக் கோடு. மூச்சை விட்டேன். திரும்பினேன், தூரத்தில் அவர் வயிறு தெரிந்தது. மறுபடி கோடு. திரும்பினேன், வயிறு. கால் மேலே வந்திருப்பதை உணர்ந்தேன். தண்ணீர் உடம்பின் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போயிற்று, இதுவரை அப்படிப் போனதே இல்லை. என் கை அவர் தோளில் பட்டபோது அவர் கண்ணைத் திறந்து, என்ன அதற்குள் வந்துவிட்டாய் என்றார். பயிற்சியாளர் கை தட்டினாள். டாக்டரம்மாகூடத் தட்டினார். நான் என் கணவரின் பனியனைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை.

ஆனால் அவரை அந்தப் பக்கம் மிதக்க விடாமல் தனியாகப் போகச் சொன்னால், பழையபடி தலை வெளியே வந்துவிட்டது, உடம்பு இடது பக்கம் ஏறியது. கோடை முடியும்வரை அப்படித்தான். அவர் தெரிந்தால் நீந்துவேன், தெரியாவிட்டால் மாட்டேன். வாய்க்காலில் விழுந்தவர் என் வலது பக்கம் பார்த்து நிதானமாக மிதந்துகொண்டா இருப்பார்?

மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பிறகு தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டது என்று வந்தது. அன்று சாயங்காலம் அவர் ஷட்டர் திருகுகளுக்கு கிரீஸ் போடப் போனார், நானும் போனேன். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அவர் விழுந்த இடத்தில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கைப்பிடிக் கம்பியில் லாரி டியூப் ஒன்றை நீளமான கயிற்றோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார். பயிற்சியாளர் என்னிடம் சொன்னதை அவரிடமும் சொல்லியிருக்கிறாள்.

மறுபடி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, மல்லாந்துவிடுவேன் என்றார். கால் முன்னால், தலை பின்னால். தண்ணீர் எங்கேயாவது ஒரு கரையில் ஒதுக்கும். பரீட்சைக்குப் படித்தவர் மாதிரி ஒப்பித்தார். நான் வந்துவிடுவேன் என்றேன். அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"நீ வரக் கூடாது, டீச்சர்."

ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கு விழுந்தப்ப எனக்கு அவ்வளவா பயமில்ல. பொடவையோட நீ குதிச்சதப் பாத்தேன். அதுலேருந்துதான் பயம். முங்கிட்டியா, இருக்கியான்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன். தலையத் தூக்குறப்பல்லாம் உள்ள போனேன். அவ்வளவு தண்ணியும் அப்பக் குடிச்சதுதான்."

நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் முழுக்க, கோடை முழுக்க, அந்தத் திரும்பிய முகம் என்னைக் கூப்பிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்ட குரலுக்குப் போய்ச் சேரத்தான் ரப்பர்த் தொப்பி, பலகை, கறுப்புக் கோடு எல்லாம். தலை ஏறினால் கால் இறங்கும் என்று அந்தப் பெண் தினமும் சொன்னது எனக்கு மட்டுமான பாடம் என்று இருந்துவிட்டேன். அவர் முங்கியதும் அதே பாடத்தினால்தான். அவர் விடவில்லை.

"குதிக்க மாட்டேன்னு சொல்லு. நீ கரையில நிக்கிறன்னு தெரிஞ்சாத்தான் நான் மல்லாந்து கெடப்பேன்."

சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதானே. டியூபைப் போடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அது போதாது என்று இருவருக்கும் தெரியும். அவர் அடுத்த திருகுக்கு கிரீஸ் போடப் போய்விட்டார்.

இரண்டு நாளில் தண்ணீர் வந்தது. நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வருகிற புதுத் தண்ணீர். ஊர்க்காரர்கள் நெல்லும் பூவும் தூவிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் போன பிறகு நான் வாய்க்கால் படியில் இறங்கி நின்றேன். அவர் மேலே நின்று கழியால் சருகை ஒதுக்கிக்கொண்டிருந்தார். டியூப் அவருக்குப் பக்கத்தில் தொங்கியது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, கிளம்பு என்றார்.

கடைசிப் படியில் உட்கார்ந்து, குளத்தில் சொல்லிக் கொடுத்தபடி மூச்சை இழுத்தேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். கண்ணைத் திறந்தால் செம்மண் கலங்கல், வேறு ஒன்றும் இல்லை. ஓடும் இல்லை, கோடும் இல்லை. தண்ணீர் கன்னத்தைத் தள்ளிக்கொண்டு போனது. மூச்சை மெதுவாக விட்டேன். தலையைத் தூக்காமல் வலது பக்கம் திரும்பினேன். அவர் அங்கேயே இருந்தார், எனக்கு முதுகைக் காட்டி.

இன்னொரு முறை வைக்க வேண்டும். நீச்சல் என்பதே அந்த இன்னொரு முறைதான். மூச்சை இழுத்துக்கொண்டேன். முடியவில்லை.

நான் போகாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். கழியை ஊன்றி நிற்கும்போதெல்லாம் அவர் கழுத்து கொஞ்சம் இந்தப் பக்கம் அசைந்தது, பிறகு நேராகிவிட்டது. கடைசிவரை திரும்பிப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பாடம் வந்துவிட்டது. நான்தான் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.